டைவ் பண்ணப் போறவங்கள தண்ணி குடிக்க வேண்டாம்னு சொல்லாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, முதல் தடவையா ஸ்கூபா டைவிங் போறவங்களுக்கு டிப்ஸ்னு அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. படங்கள் நல்லா இருந்துச்சு, மாஸ்க்குல தண்ணி பூந்தா என்ன பண்ணணும், காது அடைச்சா என்ன பண்ணணும்னு எழுதினதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வரி, வெறும் வயித்தோட போறது நல்லது, போட்ல பாத்ரூம் இருக்காதுங்கறதால தண்ணியக் கம்மி பண்ணிக்கோங்கன்னு. அதப் படிச்சுட்டு பேப்பர அப்படியே மடிச்சு வச்சிட்டேன், ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும். வெட்டித்தான் ஆகணும்னா என் சொந்தக் கதைய வெட்டிக்கோங்க, தண்ணி பத்தி சொல்றத வெட்டிடாதீங்க.

நான் 12 வருஷமா டைவ் பண்றேன். தொழிலா இல்ல, லீவு கெடைக்கறப்பெல்லாம் போறது. நீங்க போட்ட அந்த வரியில இருக்கறதத்தான் நானும் பல வருஷம் பண்ணிக்கிட்டிருந்தேன், அதுவும் யாரும் சொல்லிக்குடுக்காமலே. போட்ல இருவது ஆம்பளைங்க, ரெண்டே பொம்பளைங்க, பாத்ரூம் கிடையாது, வெட்சூட்ட, அதான் உடம்போட ஒட்டிக்கற அந்த ரப்பர் டிரெஸ்ஸ, ஒரு தடவ மாட்டிட்டா கழட்ட பத்து நிமிஷம் ஆகும். அதனால காலையில எழுந்ததுல இருந்து வாய நனைக்கற அளவுக்கு மட்டும் குடிச்சுட்டு மதியம் கரைக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு ட்ரிப்லயும் சாயங்காலம் மண்டைய பொளக்கற தலைவலி வரும், அத கடல் காத்துன்னும் வெயில்னும் நெனச்சுக்குவேன்.

அப்புறம் ஒரு ட்ரிப்ல மூணாவது நாள், மொத்தம் ஏழு டைவ் ஆகியிருந்துச்சு, அன்னிக்கு காலையில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நான் குடிச்சது அரை பாட்டில் தண்ணி கூட இருக்காது. சாயங்காலம் இடது தோள்ல ஒரு வலி, உள்ளுக்குள்ள குடையற மாதிரி, அமுக்கினாலும் போகல, கைய எப்படி வச்சாலும் போகல. டேங்க் தூக்கினதுன்னு நெனச்சு தூங்கிட்டேன். காலையில வலி அப்படியே இருந்துச்சு, கூடவே எழுந்து நிக்க முடியாத அசதி. டாக்டர்கிட்ட போனப்ப, எத்தன மீட்டர், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமா மேல வந்தீங்கன்னு எல்லாம் கேட்டுட்டு, நேத்து கடைசியா எப்ப யூரின் போனீங்க, என்ன கலர்ல இருந்துச்சுன்னு கேட்டார். யோசிச்சுப் பாத்தேன், பதில் சொல்ல முடியல, ஏன்னா நேத்து முழுசும் ரெண்டே தடவதான் போயிருந்தேன், அதுவும் டீ டிக்காஷன் மாதிரி. பெண்ட்ஸ், அதாவது மேல வர்றப்ப உடம்புக்குள்ள நைட்ரஜன் குமிழியாகறதால வர்ற கோளாறுன்னு சொல்லி ஆக்சிஜன் வச்சு, ரீகம்ப்ரஷன் சேம்பர்ங்கற மூடின அழுத்த அறையில 18 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தத்துக்கு கொண்டு போய் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் படுக்க வச்சாங்க. சரியாயிடுச்சு, நல்ல நேரம்.

இங்க ஒண்ண நேர்மையா சொல்லிடணும். தண்ணி குடிக்காததுனாலதான் எனக்கு பெண்ட்ஸ் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த டாக்டரும் அப்படி சொல்லல. பெண்ட்ஸுக்கு முக்கிய காரணம் ஆழம், நேரம், மேல வர்ற வேகம், இது மூணும்தான். அத மீறிட்டு பத்து பாட்டில் தண்ணி குடிச்சாலும் காப்பாத்தாது. ஆனா ஏற்கனவே விளிம்புல நிக்கற உடம்ப லேசா தள்ளி விடறதுக்கு நீர் வத்திப்போன ரத்தம் போதும்ங்கறதுதான் விஷயம். அதுவும் இது நம்ம கையில இருக்கற விஷயம், காசு செலவில்லாம சரி பண்ணக் கூடியது.

தண்ணிக்குள்ளயே கெடக்கறவனுக்கு எப்படிய்யா நீர்ச்சத்து கொறையும்னு எங்க வீட்லயே கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கரையில நிக்கறப்ப நம்ம ரத்தத்துல ஒரு பங்கு கால்ல தேங்கி நிக்கும். கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள எறங்கினதும் வெளிய இருக்கற அழுத்தம் அத மேல தள்ளிடும், கிட்டத்தட்ட 700 மில்லி ரத்தம் கை கால்ல இருந்து நெஞ்சுக்கு வந்துடும். இதயம் விரியும், ஆஹா உடம்புல திரவம் ஜாஸ்தியா இருக்குன்னு அது தப்பா புரிஞ்சுக்கிட்டு, சிறுநீர கட்டுப்படுத்தற வேசோப்ரெஸ்ஸின் ஹார்மோன கொறைக்கச் சொல்லும், கிட்னி தண்ணிய வெளிய அனுப்ப ஆரம்பிச்சுடும். குளிர் வேற சேர்ந்துச்சுன்னா தோல்ல இருக்கற ரத்தக் குழாயெல்லாம் சுருங்கி இன்னும் கொஞ்சம் ரத்தம் உள்ள வரும், இன்னும் ஜாஸ்தி யூரின் வரும். டைவ்ல அடிக்கடி ஒண்ணுக்கு வருதேன்னு புதுசா வர்றவங்க கூச்சப்படறாங்க, பயப்படறாங்க, தண்ணிய ஜாஸ்தியா குடிச்சுட்டோம்னு நெனச்சுக்கறாங்க. இல்லைங்க, நீங்க குடிக்காம எறங்கினாலும் வரும், உங்ககிட்ட இருக்கறதத்தான் அது எடுத்து வெளிய விடுது. குடிக்காம இருந்தா ஒண்ணுக்கு வராதுங்கற கணக்கே தப்பு.

அடுத்தது டேங்க்ல இருக்கற காத்து. டேங்க் நெரப்பற கம்ப்ரஸர், காத்துல இருக்கற ஈரத்த கிட்டத்தட்ட முழுசா எடுத்துடும், இல்லைனா டேங்க் உள்பக்கம் துருப்பிடிக்கும், குளிர்ந்த தண்ணியில ரெகுலேட்டர், அதாவது டேங்க் காத்த வாய்க்குக் குடுக்கற கருவி, உறைஞ்சு போகும். அந்த வறண்ட காத்துக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரத்த சேர்க்கறது நம்ம மூச்சுக்குழாயும் நுரையீரலும்தான், அந்த ஈரம் குமிழியா போயிடுது, திரும்பி வராது. டைவ் முடிஞ்சு வந்ததும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதே, அதுக்கு காரணம் இதுதான். இதோட, டைவுக்கு முன்னாடி வெயில்ல அஞ்சு மில்லிமீட்டர் வெட்சூட்ட போட்டுக்கிட்டு பிரீஃபிங் கேட்டுக்கிட்டு நிக்கறோம் பாருங்க, அந்த இருவது நிமிஷத்துல வடியற வேர்வை தனி. எறங்கறதுக்கு முன்னாடியே பாதி வத்திடறோம்.

சரி, இதுக்கும் பெண்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நாம சுவாசிக்கற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன். பத்து மீட்டர் எறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு, இருவது மீட்டர்ல மூணு மடங்கு, அழுத்தம் ஏற ஏற நைட்ரஜன் ரத்தத்துலயும் திசுக்கள்லயும் ஜாஸ்தியா கரையும். மேல வர்றப்ப அது மெதுவா ரத்தம் வழியா நுரையீரலுக்கு வந்து வெளிய போகணும், அவசரப்பட்டா சோடா பாட்டில தொறந்த மாதிரி குமிழியாயிடும். 1908-லயே ஜான் ஸ்காட் ஹால்டேன்ங்கற விஞ்ஞானி ஆடுகள வச்சு பரிசோதனை பண்ணி, ரத்த ஓட்டம் நல்லா இருக்கற திசு நைட்ரஜன சீக்கிரம் வாங்கி சீக்கிரம் விடும், ஓட்டம் கம்மியா இருக்கற திசு மெதுவா விடும்னு கணக்குப் போட்டு அட்டவணையே குடுத்துட்டார். இன்னிக்கு நம்ம கையில கட்டற டைவ் கம்ப்யூட்டர் பலதும் அந்த அடிப்படையில வந்ததுதான். இப்ப நீங்களே யோசிங்க, நைட்ரஜன வெளிய கொண்டு போற வண்டி ரத்தம், அந்த ரத்தத்துல தண்ணி கொறைஞ்சு அளவு சுருங்கி, கை கால் ஓரத்துக்கெல்லாம் ஓட்டம் கம்மியானா என்ன ஆகும். 2006-ல வந்த ஒரு ஆய்வுல, நீர்ச்சத்து வத்த வச்ச பன்றிகளுக்கு கடுமையான பெண்ட்ஸ் அதிகமாவும் வந்துச்சு, சீக்கிரமாவும் வந்துச்சு. 2009-ல ராணுவ டைவர்கள் எட்டு பேர வச்சு பண்ண ஒரு சின்ன ஆய்வுல, டைவுக்கு முன்னாடி உப்பும் குளுக்கோஸும் கலந்த பானம் குடிச்ச நாள்ல ரத்தத்துல குமிழி கம்மியா இருந்துச்சு. எட்டு பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், இத வச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனா எந்தப் பக்கம் காட்டுதுன்னு தெரியுதில்ல. கம்ப்யூட்டருக்கு நீங்க போன ஆழம் தெரியும், நேரம் தெரியும், நீங்க காலையில தண்ணி குடிச்சீங்களான்னு அதுக்குத் தெரியாது.

அதுக்காக போட் ஏறறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர மடமடன்னு குடிக்கறதும் தப்பு, இதையும் நான் பாத்திருக்கேன். மொத்தமா குடிச்சா கிட்னி அத மொத்தமா வெளிய தள்ளிடும், உடம்புல நிக்காது. அதவிட முக்கியமா, ஏற்கனவே நெஞ்சுப் பக்கம் ரத்தம் வந்து குவியுதுன்னு சொன்னேன் இல்லையா, அந்த நேரத்துல திரவம் ரொம்ப ஜாஸ்தியானா நுரையீரல்ல நீர் கோத்துக்கற ஆபத்து இருக்கு, பிபி இருக்கறவங்க, வயசானவங்க இத கவனிக்கணும். தண்ணிக்குள்ள காரணமே இல்லாம மூச்சு வாங்கி இருமல் வந்தா அது பதட்டம்னு நெனச்சு சமாளிக்காம டைவ முடிச்சுக்கிட்டு மேல வந்துடணும். முந்தின நாள்ல இருந்தே சாதாரணமா குடிச்சுக்கிட்டு வந்து, காலையில எழுந்ததும் ஒரு டம்ளர், அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு டைவுக்கு நடுவுல மறக்காம, முடிஞ்சப்புறம் மறுபடியும், நான் இப்ப இப்படித்தான் பண்றேன். அளவு கோல் எல்லாம் வேண்டாம், யூரின் வெளிர் மஞ்சள்ல போனா போதும். பி வைட்டமின் மாத்திரை போடறவங்களுக்கு மட்டும் எப்பவும் பளிச்சுனு மஞ்சளாத்தான் போகும், அவங்க கலர நம்பக்கூடாது, எத்தன தடவ போறோம்னு பாத்துக்கணும்.

காபி டீ பத்தி நெறைய பேர் பயமுறுத்துவாங்க. தினமும் குடிக்கறவங்க அன்னிக்கும் ஒரு கப் குடிச்சா ஒண்ணும் ஆகாது, அதுல இருக்கற தண்ணியும் உடம்புல சேரத்தான் செய்யுது. திடீர்னு நிறுத்தினா வர்ற தலைவலிதான் பெரிய தொந்தரவு. ஆனா தண்ணிக்கு பதிலா காபின்னு இருக்கக்கூடாது.

அடுத்து அந்த வெறும் வயிறு. இது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியுது, சாப்ட்டுட்டு தண்ணியில எறங்கினா தசை புடிச்சுக்கும்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கோம். அதுக்கு பெருசா ஆதாரம் இல்ல. இன்னொண்ணு, சாப்ட்டா போட்ல வாந்தி வரும்னு ஒரு நெனப்பு. என் அனுபவத்துல நேர்மாறு, காலி வயித்துல அலையில ஆடறப்பதான் குமட்டல் மோசமா வரும், எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம பித்தமா வரும், அது இன்னும் கொடுமை. அதோட தண்ணி, காத்தவிட இருவது மடங்குக்கும் மேல வேகமா உடம்புச் சூட்ட இழுத்துடும். கடல் எவ்வளவு வெதுவெதுப்பா தெரிஞ்சாலும் நாப்பது அம்பது நிமிஷத்துல உடம்பு சூட்ட காப்பாத்த எரிபொருள் வேணும். எதிர் நீரோட்டத்துல துடுப்பு அடிக்கணும், டேங்க்கோட ஏணியில ஏறணும். சாப்பிடாம வந்த பொண்ணு ஒருத்தி முதல் டைவ் முடிச்சு ஏணியில பாதியில கை நடுங்கி அப்படியே பின்னாடி சாஞ்சத நான் கீழ இருந்து பாத்தேன், நல்லவேளை யாரும் அடியில நேரா இல்ல. அந்தப் பொண்ணுகிட்டயும் யாரோ வெறும் வயித்தோட வரச் சொல்லியிருந்தாங்க.

அதுக்காக வயிறு முட்ட சாப்ட்டுட்டும் போகக்கூடாது. கீழ நாம படுத்த மாதிரி மெதக்கறோம், சில நேரம் தல கீழ கால் மேல, வயித்து மேல வெயிட் பெல்ட்டும் இறுக்கமான வெட்சூட்டும், அமிலமெல்லாம் தொண்டைக்கு வரும். டைவுக்கு ஒரு மணி ஒன்றரை மணி நேரம் முன்னாடி லேசா, எண்ணெய் கம்மியா, ஏற்கனவே வயித்துக்குப் பழகின சாப்பாடா இருக்கணும். கொஞ்சம் ஓட்ஸ், ரொட்டி, வாழைப்பழம், ஒரு முட்டை, இந்த மாதிரி. பெரிய சாப்பாடுன்னா ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி விடணும். புது ஊருக்கு டைவ் பண்ணப் போயிட்டு மொத நாள் ராத்திரியே வயித்துக்குப் பழகாதத ட்ரை பண்றத தயவு செஞ்சு கடைசி நாளுக்கு வச்சுக்கோங்க, வயித்துப்போக்கு ஒரே ராத்திரியில உடம்ப வத்த வச்சுடும், அந்த ட்ரிப்பே போச்சு.

வாயு புடிக்கற பருப்பு பயறு வகை, கோலா சோடா, சூயிங்கம் இதெல்லாம் டைவுக்கு முன்னாடி வேண்டாம்னு சொல்றது சும்மா இல்ல. இருவது மீட்டர்ல குடல்ல ஒரு பங்கா இருக்கற வாயு மேல வர்றப்ப மூணு பங்காயிடும். பாதி தானா வெளிய போயிடும், போகலைனா வயித்துல கத்தி சொருகின மாதிரி வலிக்கும். அப்படி வலிச்சா கொஞ்சம் கீழ எறங்கி நின்னு, அப்புறம் ரொம்ப மெதுவா வரணும்.

கடல் ஒத்துக்காதவங்க மாத்திரை போடறது தப்பில்ல, ஆனா பல மாத்திரைங்க தூக்கம் வர வைக்கும், வாய வறள வைக்கும். டைவ் அன்னிக்கு முதல் தடவையா போட்டுப் பாக்காம, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, முன்னாடியே ஒரு நாள் கரையில போட்டுப் பாத்துடுங்க. போட்ல ரெண்டு மூணு தடவ வாந்தி எடுத்தாச்சுன்னா அன்னிக்கு டைவ விட்டுடுங்க, ஓஆர்எஸ் கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, காசு கட்டியாச்சேன்னு எறங்காதீங்க. கீழ போனப்புறம் வந்துடுச்சுன்னா ரெகுலேட்டர வாயில இருந்து எடுக்கவே கூடாது, கையால அழுத்திப் புடிச்சுக்கிட்டு அதுக்குள்ளயே எடுக்கணும். வாந்தி வந்த அடுத்த நொடி உடம்பு தானா மூச்ச இழுக்கும், அப்ப வாயில ரெகுலேட்டர் இல்லைனா உள்ள போறது கடல் தண்ணிதான். அப்புறம் ரெகுலேட்டர்ல காத்த வேகமா விட்டு உள்ள இருக்கறத வெளிய தள்ளற பர்ஜ் பட்டன அழுத்தி சுத்தம் பண்ணிக்கலாம். இத எத்தன பிரீஃபிங்ல சொல்றாங்க?

மது குடிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. முந்தின ராத்திரி போட்டது அதே வேசோப்ரெஸ்ஸின அமுக்கி ராத்திரி முழுக்க தண்ணிய வெளிய அனுப்பிட்டுத்தான் காலையில உங்கள போட்ல ஏத்துது. டைவ் முடிஞ்ச கையோட குடிக்கறது இன்னொரு விதத்துல ஆபத்து, அசதி, தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், இது எல்லாமே போதையோட அறிகுறியும்தான் பெண்ட்ஸோட அறிகுறியும்தான். எது எதுன்னு கூட இருக்கறவங்களுக்கும் தெரியாது, காலையில பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க. நான் குடிக்காமலே தோள்வலிய டேங்க் மேல பழி போட்டு ஒரு ராத்திரிய வீணாக்கினவ, அதனால சொல்றேன்.

சுகர் இருக்கறவங்க உங்க டிப்ஸப் படிச்சுட்டு வெறும் வயித்தோட போயிட்டா என்ன ஆகும்னு நெனச்சாலே பதறுது. இன்சுலினோ, சுகர ரொம்ப எறக்கக்கூடிய மாத்திரையோ எடுக்கறவங்களுக்குன்னு டைவிங் மருத்துவர்கள் 2005-ல வழிகாட்டுதலே குடுத்திருக்காங்க. எறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அரை மணி முன்னாடி, அப்புறம் எறங்கறதுக்கு சரியா முன்னாடின்னு மூணு தடவ சுகர் பாக்கணும், 150-க்கு மேல நெலையா இருக்கணும், இல்ல ஏறிக்கிட்டு இருக்கணும், எறங்கிக்கிட்டு இருந்தா போகக்கூடாது, 300-க்கு மேல இருந்தாலும் போகக்கூடாது. ஆழம் 30 மீட்டருக்குள்ள, நேரம் ஒரு மணிக்குள்ள, கையோட குளுக்கோஸ் வச்சிருக்கணும். தண்ணிக்குள்ள சுகர் கொறைஞ்சா படபடப்பு, நடுக்கம், குழப்பம் எல்லாம் குளிராவும் பயமாவும் தெரியும், கூட வர்றவங்களுக்கும் புரியாது. இவங்க சாப்ட்டுட்டுத்தான் போகணும், டாக்டர் அனுமதியோட.

கடைசியா அந்த பாத்ரூம் விஷயம், ஏன்னா ஆரம்பிச்சதே அதுல இருந்துதான். வெட்சூட்டுக்குள்ள ஒண்ணுக்கு போறது அசிங்கம்னு நெனைக்காதீங்க, கடலுக்குள்ள எல்லாரும் போறதுதான், அனுபவசாலிங்க யாரக் கேட்டாலும் ஒத்துக்குவாங்க, சூட்ட நல்லா அலசினா முடிஞ்சது. குளிர் தண்ணியில, உள்ள தண்ணி பூகாத டிரைசூட் போடறவங்களுக்கு பெரியவங்க டயப்பர் இருக்கு, ஆம்பளைங்களுக்கு பொம்பளைங்களுக்குன்னு தனித்தனியா வெளியேத்தற வால்வ் அமைப்பும் இருக்கு. ஆனா போட்ல மூணு நாலு மணி நேரம் இருக்கற பொண்ணுங்களுக்கு, மாதவிடாய் நாள்ல வர்றவங்களுக்கு, இதெல்லாம் பதில் இல்ல. ஒரு சின்ன தடுப்பு, ஒரு திரை, ரெண்டு டைவுக்கு நடுவுல தண்ணியும் பழமும், அஞ்சு நிமிஷம் கூடுதலா நேரம், இவ்வளவுதான் டைவ் நடத்தறவங்ககிட்ட கேக்கறது. கேமராவுக்கு தனி டேபிள், தனி தண்ணித் தொட்டி வச்சிருக்கற போட்ல குடிக்க ஒரு கேன் தண்ணி இல்லாம இருந்தத நான் பாத்திருக்கேன். புக் பண்றப்பவே பாத்ரூம் இருக்கா, குடிதண்ணி இருக்கான்னு ஃபோன்ல கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு வச்சுடுவாங்க.

ஆசிரியர் அவர்களே, அந்த டிப்ஸ எழுதினவர் நல்லெண்ணத்துலதான் எழுதியிருப்பார், அவர கொற சொல்றதுக்காக எழுதல. ஆனா லீவு சீசன் வருது, அந்தப் பக்கத்த எத்தனையோ பேர் கிழிச்சு பத்திரமா வச்சிருப்பாங்க, அதனால அடுத்த ஞாயிறு அதே இணைப்புல, அதே இடத்துல, கண்ணுக்குத் தெரியற எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க: லேசா சாப்ட்டுட்டு வாங்க, தண்ணி குடிச்சுட்டு வாங்க, பாட்டிலையும் கையோட கொண்டு வாங்கன்னு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி